தொண்டி வத்தை மேலூர்ப் பக்கம் வந்து நாலு மாசம்: பலகைச் சந்தெல்லாம் விட்டுப்போச்சு, என்ன செய்யலாம்?

மேலூர்_வாத்தியார் கேட்டது:

வணக்கம். பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் பார்ப்பதற்காக ஒரு பழைய மர வத்தை (பாக் நீரிணைக் கரையில் மீன்பிடிக்கும் பலகைப் படகு) கிடைத்திருக்கிறது. மாசியில் தொண்டியிலிருந்து சிவகங்கை வழியாக லாரியில் வந்து இறங்கியது. நீளம் 25 அடி, நடுவில் அகலம் ஐந்தரை அடி. பலகைகள் ஏழெட்டு அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனம். முழுக்க இரும்பு ஆணி. அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் தரையில் கிடக்கிறது, காலையில் நிழல், மதியத்துக்கு மேல் வெயில்.

இப்போது நிலைமை: பலகைக்கும் பலகைக்கும் நடுவே சில இடத்தில் பேனாவே நுழைகிறது. இரண்டு பலகைகள் சந்தில் இல்லாமல் நடு உடம்பிலேயே நீளவாக்கில் வெடித்திருக்கின்றன. ஆணித் தலையைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறது. உள்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. பின்பக்கம் அடியில் ஃபைபர் ஒட்டியிருக்கிறார்கள், அதன் ஓரம் கிளம்புகிறது. இன்ஜின் வைப்பதற்காக ஒரு இடத்தில் வெட்டியும் இருக்கிறார்கள்.

ஊர்த் தச்சர் சந்து முழுவதும் எபாக்சி மக்கு அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மொத்தமாக ஃபைபர் போர்த்தச் சொல்கிறார். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஒரு நாள் மிதக்கவிட வேண்டும் என்பது பிள்ளைகள் ஆசை. எது சரி?

தொண்டிக்கரை பதில்:

சார், முதலில் மக்கை நிறுத்துங்கள். ஃபைபரையும் நிறுத்துங்கள். சந்து விட்டது படகுக்கு வந்த சீக்கு இல்லை. கடலில் கிடந்த பலகை மேலூரில் காய்ந்தால் அப்படித்தான் விடும். எட்டங்குலப் பலகை ஒன்று முழு ஈரத்திலிருந்து நம்ம ஊர்க் கோடை வரைக்கும் காயும்போது, மரத்தையும் அறுத்த வாட்டத்தையும் பொறுத்து 3 முதல் 7 மில்லிமீட்டர் வரை அகலத்தில் சுருங்கும். நீளத்தில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால்தான் பலகை முனை பொருந்தியே இருக்க, பக்கவாட்டுச் சந்து மட்டும் வாயைத் திறக்கிறது.

இப்போது அந்தச் சந்தில் கல்லு மாதிரி இறுகும் மக்கை அடைத்தால் ஆனி, ஆடியில் பார்க்க நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறியதும் பலகை மறுபடி விரியும். விரிய இடம் இல்லை. ஒன்று, பலகை விளிம்பு தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும், அடுத்த கோடையில் சந்து இன்னும் பெரிதாகும். இல்லாவிட்டால் ஏற்கெனவே துருவேறிக் கிடக்கும் ஆணியை வங்கிலிருந்து (உள்ளே பலகையைத் தாங்கும் விலாச் சட்டம்) பிடுங்கிக்கொண்டு பலகை வெளியே தள்ளும். மரத்தூளும் பசையும் கலந்து அடைப்பதும் இதே கதைதான்.

கடற்கரையில் கலப்பத்து, அதாவது தண்ணீர் புகாமல் சந்தை அடைக்கும் வேலை, பார்க்கும்போது பஞ்சை முறுக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தோடு உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடிப்பார்கள். பஞ்சு அமுங்கிக் கொடுக்கும், குங்கிலியம் கொஞ்சம் இளகும். படகு உடனே தண்ணிக்குள் போய்விடும் என்ற கணக்கில் செய்கிற வேலை அது. தரையில் காய்கிற படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சந்தில் பழைய பஞ்சு தொங்கினால் பிடுங்க வேண்டாம். எந்த இடத்தில் எந்தப் பஞ்சு, என்ன மெழுகு என்பதற்கு அதுதான் சாட்சி. வெளிச்சம் தெரிவது கண்ணை உறுத்தினால் பருத்திக் கயிற்றைப் பசை போடாமல் லேசாகச் செருகி வையுங்கள். பலகை விரிந்தால் தானே பிதுங்கி விழுந்துவிடும்.

நடு உடம்பில் வெடித்த இரண்டு பலகை வேறு விஷயம். அங்கே பலகையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வங்கில் ஆணியால் இறுகிப் பிடித்திருக்கும். சுருங்க வழியில்லாததால் நடுவில் கிழிந்திருக்கிறது. கிளாம்ப் போட்டு இழுத்து மூடினால் பக்கத்திலேயே புதுசாக வெடிக்கும். ஒரு விளிம்பின் ஆணி வரிசையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மேற்கொண்டு கிழியாது.

இதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. படகு மண்ணில் கிடக்கக் கூடாது. கடலில் தண்ணீர் உடம்பு முழுக்கத் தாங்கும். தரையில் ஏராவின் (படகின் அடி நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகு மரம்) மேல் மொத்தப் பாரமும் உட்கார்ந்து, தாங்கல் இல்லாத அணியமும் (முன்பக்கம்) பின்பக்கமும் தொங்க ஆரம்பிக்கும். ஏரா ஒருதடவை வளைந்து காய்ந்துவிட்டால் நிமிர்த்துவது பெரும்பாடு. மூன்றரை அடிக்கு ஒன்றாக ஏராவுக்கு அடியில் கட்டை கொடுங்கள், உங்கள் படகுக்கு ஏழு கட்டை வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருந்தால்தான் அடியில் குனிந்து பார்க்க முடியும். பக்கத்துக்கு மூன்று முட்டு. முட்டு வங்கு இருக்கிற இடத்தில்தான் படணும், இரண்டு வங்குக்கு நடுவே வெறும் பலகையில் கொடுத்தால் பலகை உள்ளே குழியும். முட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு வைக்கலாம். சாக்கு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஏற்கெனவே வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஏராவின் இரண்டு முனைக்கும் நைலான் நூல் இழுத்துக் கட்டி நடுவில் இடைவெளியை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். முனை தொங்கியிருந்தால் ஜாக்கி வைத்து வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். ஒரே நாளில் தூக்கினால் ஆணி முறிகிற சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம்.

ஆடிக் காற்று தொடங்கப் போகிறது, அதுக்கு முந்தி மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டியாவது கட்டிவிடுங்கள். வெயிலைவிட அந்த வறண்ட காற்றுதான் பலகையை வேகமாக உலர்த்தும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

தமுக்கம்_ஆய்வகம் பதில்:

மேலே அண்ணன் சொன்ன தாங்கலும் நிழலும் முதல் வேலை. நான் இரும்பைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சொல்கிறேன்.

உள்ளே பொரிந்திருக்கும் வெள்ளை பெரும்பாலும் கடல் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஐப்பசி மாதத்தில் ராத்திரி கரைவதும் பகலில் இறுகுவதுமாக இது தினசரி நடக்கும். ஒவ்வொரு முறையும் படிகம் மர நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பஞ்சாக்கும். அதோடு உப்பில் உள்ள குளோரைடு ஆணியை விடாமல் அரிக்கும். துரு பழைய இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் ஆணி இருக்கிற துளையைச் சுற்றி மரம் வெடிக்கும். கறுப்பு நிறம் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வந்தது.

எனவே நல்ல தண்ணீரால் படகை ஒரு வாரம் தினமும் கழுவி உப்பை வெளியேற்றுங்கள். வடிகிற தண்ணீரைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பாருங்கள், வெண்மையாகத் திரண்டால் குளோரைடு இன்னும் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: போர்த் தண்ணீரிலேயே குளோரைடு நிறைய இருக்கும். கழுவுவதற்கு முன் அதே தண்ணீரைத் தனியாக ஒரு குழாயில் சோதித்து வைத்துக்கொள்ளாவிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

மரத்தின் ஈரத்தைப் பார்க்க முள் குத்தும் மீட்டர் வாங்க வேண்டாம். உப்பேறிய மரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் காய்ந்த மரத்தையும் ஈரம் என்றே காட்டும். அதற்குப் பதில் நான்கைந்து சந்துகளில் இருபுறமும் சின்னப் பித்தளை ஆணி ஒவ்வொன்று அடித்து, இடைவெளியை இயற்பியல் ஆய்வகத்து வெர்னியரால் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். மூன்று மாதம் எண் மாறாவிட்டால் மரம் நிலைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் நல்ல செய்முறை.

தொண்டிக்கரை பதில்:

தம்பி, கழுவுகிற யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நாலு மாசம் காய்ந்த படகை ஒரு வாரம் நனைத்தால் பலகை விரியும், அப்புறம் மறுபடி காய்ந்து சுருங்கும். தளர்ந்த ஆணியெல்லாம் அந்த ஒரு சுற்றிலேயே கழன்றுவிடும்.

இன்னொன்று. உப்பு இருக்கிற மரம் சீக்கிரம் மக்காது, மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு உப்பு ஆகாது. கடலில் முப்பது வருஷம் நின்ற படகு கரையேறி, உள்ளே மழைத் தண்ணி தேங்கினால் மூன்று மழைக்காலத்தில் உளுத்துவிடும். முதலில் போவது வங்கின் அடிமுனை, அப்புறம் ஏராவில் பலகை சேருகிற மூலை. பேனாக்கத்தி முனையால் அந்த இரண்டு இடத்தைக் குத்திப் பாருங்கள். கத்தி எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அங்கே ஏற்கெனவே மக்கியிருக்கிறது. நல்ல தண்ணியை உள்ளே ஊற்றுவது நாமே போய் அந்தச் சீக்கைக் கூப்பிடுவது மாதிரி.

தமுக்கம்_ஆய்வகம் பதில்:

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. கரையேறிய அதே வாரம் என்றால் கழுவலாம், நாலு மாதம் காய்ந்த பிறகு முழுதாக நனைப்பது தவறு. என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: காய்ந்த உப்பை நார்ப் பிரஷ்ஷால் தேய்த்து, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், பழைய பெயின்டின் அடுக்கும் உளித் தடமும் போய்விடும். மழைக்காலம் முடிந்ததும் உப்பு மறுபடி மேலே வரும், மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் குறையும்.

உப்பு செய்துகொண்டிருந்த காவல் வேலைக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும் போடலாம். 10 லிட்டர் வெந்நீருக்கு வெங்காரம் 300 கிராம், போரிக் பவுடர் 200 கிராம். இரண்டையும் சேர்த்தால்தான் நன்றாகக் கரையும். கையுறை போட்டு வங்கின் முனைகள், பலகை முனைகள், ஏரா மூலை ஆகிய இடங்களில் பிரஷ்ஷால் இரண்டு தடவை. ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. மரம் நனைந்து சொட்டுகிற அளவுக்கு வேண்டாம். பூஞ்சைக்கும் உளுக்கும் இது நல்ல மருந்து, ஆனால் மழைபட்டால் கரைந்து ஓடிவிடும். கூரை இல்லாமல் இதைச் செய்வது வீண்.

கரையான் தரையிலிருந்து வரும். கட்டைகளை மரத்தில் வைக்காமல் கான்கிரீட் அல்லது கருங்கல்லில் வையுங்கள். மேலே ஓரம் கீழ்நோக்கி மடித்த தகரத் தட்டு ஒன்று. தகரம் கரையானைக் கொல்லாது, ஆனால் மண்குழாய் ஓரத்தைச் சுற்றி வெளியே வரவேண்டியிருப்பதால் கண்ணில் படும். சனிக்கிழமைதோறும் பார்த்தால் போதும்.

ஆணி: எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றும் ஆசை வரும், வேண்டாம். பிடிப்பு உள்ள ஆணியின் தலையில் உதிரும் துருவை மட்டும் நீக்கி, 10 விழுக்காடு டானிக் அமிலக் கரைசலைச் சின்னத் தூரிகையால் தொட்டு வைத்தால் துரு கருநீலமாக மாறிக் கொஞ்சம் அடங்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் இதே வேதியியல்தான், அதைக் காய்ச்சிப் போட்டாலும் வேலை செய்யும், அளவுதான் கைக்கு வராது. நன்றாகக் காய்ந்ததும் மேலே மெழுகு. பிடிப்பே போன இடத்தில் மட்டும் புது ஆணி. எடுத்த பழைய ஆணிக்கு எந்த வங்கு, எந்தப் பலகை என்று சீட்டுக் கட்டி டப்பாவில் போடுங்கள். புது மரத் துண்டு எங்காவது சேர்த்தால் உள்பக்கம் ஆண்டைச் செதுக்கிவிடுங்கள்.

கச்சான்காற்று பதில்:

கீழடியில் மாதிரி நம்மூரிலும் அருங்காட்சியகத் தரத்தில் செய்யலாமே? கடலடியில் கிடைத்த கப்பலுக்கெல்லாம் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரியான ரசாயனம் ஏற்றுகிறார்களே, அதைப் போட்டால் சுருங்காது அல்லவா? மேலே பளபளப்புக்கு வேப்பெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசலாமா?

தமுக்கம்_ஆய்வகம் பதில்:

பாலிஎத்திலீன் கிளைக்கால் தண்ணீருக்குள் பல காலம் ஊறி உள்ளே கூடாகிப்போன மரத்துக்கு. ஸ்வீடனின் வாசா கப்பலை 1961இல் மேலே எடுத்து, 1962 முதல் 1979 வரை 17 ஆண்டு தெளித்தார்கள். இந்த வத்தையின் மரம் உள்ளே கெட்டியாகத்தான் இருக்கிறது. அதில் அது இறங்காது, மேலே பிசுபிசுவென நின்று தூசி பிடிக்கும்.

வேப்பெண்ணெய் காயாத எண்ணெய், ஒரு வருடம் ஆனாலும் ஒட்டும். சுறா எண்ணெய் கடற்கரையில் சரி, பள்ளிக்கூடத்தில் நாற்றம் தாங்காது. பூசியே ஆக வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, ஒரு மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுவது. உப்பு எடுத்து, மரம் நிலைக்கு வந்த பிறகுதான். துடைத்த துணியைக் குவித்துப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது தானே சூடாகும், சித்திரை வெயிலில் குவியல் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

மேலூர்_வாத்தியார்:

மிக்க நன்றி. மக்கு வேலையை நிறுத்திவிட்டோம். கண்மாயில் மிதக்கவிடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம் தலைமை ஆசிரியர் படகுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகையில் 'அழகன்குளத்தில் ரோமானியரோடு வணிகம் செய்த மூன்று பாய்மர வத்தை' என்று எழுதச் சொல்கிறார்.

தொண்டிக்கரை பதில்:

மிதக்கவிட வேண்டாம் சார். விட்ட சந்தோடு இறக்கினால் பத்து நிமிஷத்தில் முங்கும். ஊறவைத்து இறுகட்டும் என்றால் நாலைந்து நாள் தண்ணிக்குள் கிடக்கணும், திரும்பக் கரையேற்றினால் மறுபடி காய்ந்து சுருங்கும். வருஷம் ஒரு சுற்று இப்படி நடந்தால் அஞ்சு வருஷத்தில் பலகை தனி, வங்கு தனி. மிதக்கிற படகு எப்போதும் தண்ணியில் கிடக்கணும், காட்சிப் படகு எப்போதும் காய்ந்தே கிடக்கணும். இரண்டும் ஒரே படகில் நடக்காது.

பிள்ளைகள் தண்ணியில் பார்க்கணும் என்றால் கட்டுமரம் ஒன்று கட்டச் சொல்லுங்கள். ஆணியும் கிடையாது, கலப்பத்தும் கிடையாது. மரம் சுருங்கினால் கட்டுத்தான் தளரும், அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் முடிந்தது. கடலிலும் அதைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவதுதான் வழக்கம், ஊறிய மரம் பாரம் தாங்காது. கயிற்றை நனைத்து வைத்துக் கட்டினால் காயும்போது தளர்ந்துவிடும், அதையும் கவனிக்கணும். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் கூட இல்லாமல் இதுவும் வேண்டாம்.

வைகைமுகம் பதில்:

அந்த வாசகத்தை எழுதாதீர்கள் ஐயா. வைகை முகத்துவாரத்தில் இருந்த பழைய துறைமுகமான அழகன்குளத்தில் 1986-87இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது, கப்பல் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்ததும் உண்மை. அதை மூன்று பாய்மர ரோமானியப் பெருங்கப்பல் என்று அடையாளம் சொன்னவர் பழங்காலக் கப்பல்களை ஆராய்ந்த லியோனல் காசன். அது கடல் கடந்த சரக்குக் கப்பல். உங்களிடம் இருப்பது பாக் நீரிணையில் மீன்பிடித்த படகு. இரண்டிலும் பாய்மரம் மூன்று என்பதால் சொந்தம் ஆகிவிடாது.

வத்தையின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920 வாக்கில் இந்தக் கரைப் படகுகளைப் பதிவு செய்தார். பெரிய வத்தைகளில் மூன்று பாய்மரமும், படகுக்குக் குறுக்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளப் பலகையும் இருந்தன. காற்று ஓங்கும்போது ஆட்கள் அந்தப் பலகை நுனியில் ஏறி நின்று சாயாமல் பிடிப்பார்கள். அந்தக் கடலில் ஆழம் குறைவு, ஆழமான ஏரா வைத்தால் தரை தட்டும். அதற்குப் பதிலாக விலாவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பக்கவாட்டில் இழுபடாமல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் படகின் மேல் விளிம்பில் கயிறு தேய்ந்த பள்ளம், நடுவில் பாய்மரம் ஊன்றும் குழி, குறுக்குச் சட்டத்தில் காரணம் தெரியாத துளை இருக்கிறதா என்று பாருங்கள். லாரியோடு தனியாக ஒரு நீளப் பலகை வந்திருந்தால் அதை விறகு என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினுக்காக வெட்டிய இடத்தையும் அடைக்க வேண்டாம், பாய் போய் மோட்டார் வந்த காலம் அந்த வெட்டில்தான் தெரிகிறது. பக்கத்தில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் பதிவு எண் மங்கலாக இருந்தால் சுரண்டுவதற்கு முன் படம் எடுங்கள். பதிவு ரத்தாகிவிட்டதா என்று கொடுத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த வேலைக்கும் முன்னால் அளவு எடுங்கள். ஏராவில் இரண்டு அடிக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் தூக்குக் குண்டு விட்டு, நடுக்கோட்டிலிருந்து பலகையின் வெளிமுகம் வரை அரை அடி உயரத்துக்கு ஒரு அளவு. வங்கு எத்தனை, வங்குக்கு வங்கு தூரம், ஆணிக்கு ஆணி தூரம். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. கொடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். தொண்டியில் ஒரு பெயர், பாம்பனில் ஒரு பெயர் இருக்கும், திருத்தாதீர்கள். விளக்கப் பலகையில் அந்தப் பெயரையே போடுங்கள், எந்த வலை, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம், எந்த மீன் என்பதும் வரட்டும்.

மேலூர்_வாத்தியார்:

நல்லது ஐயா, பலகை வாசகத்தை மாற்றச் சொல்கிறேன். கடைசியாக அந்த ஃபைபர் மட்டும். உரிக்கலாமா?

தொண்டிக்கரை பதில்:

சுத்தியல் காம்பால் நாலு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் ஒட்டியிருக்கிறது, டொக்கு டொக்கென்றால் உள்ளே மரம் விட்டிருக்கிறது. விட்ட இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, அந்த அளவுக்கு மட்டும் பிளேடால் வெட்டி எடுங்கள். ஒட்டியிருக்கிற இடத்தைப் பிடித்து இழுத்தால் மர நாரும் சேர்ந்து வரும். ஃபைபருக்கு அடியில் ஈரம் தேங்கியிருந்தால் மரம் கறுத்து நசநசவென்று இருக்கும், நிழலில் காயவிட்டு வெங்காரத் தண்ணி தொடுங்கள். முகமூடி இல்லாமல் ஃபைபரை அறுக்க விடாதீர்கள். பிள்ளைகளை அன்றைக்கு அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள்.